நான் கட்டிய படியில் சிக்கிய கால்

போளூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போய், மழை அரித்த ஒற்றையடிப் பாதைகளில் கல்படி கட்டுவோம். மலையூர்க்காரர்களும் கூட வேலை செய்வார்கள். அவர்களில் காசியம்மா என்பவர் முதல் நாளே சொன்னார்: "பாதைக்குக் கீழ கெடக்கற கல்லதான் எடுக்கணும் சார். மேல இருக்கறதுல கை வெக்காதீங்க."

கீழே இறங்கிக் கல் சுமந்து ஏற யாரால் முடியும்? போன மாதம் அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, மேல் சரிவில் இருந்த ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பினேன். கல் வந்தது. அது தாங்கிக்கொண்டிருந்த பாறையும் கூடவே சரிந்து, நான் அப்போதுதான் கட்டி முடித்த படியோடு என் வலது காலைச் சேர்த்து நெரித்தது.

வலியைவிட, தலைக்கு மேலே மண் பொலபொலவென்று உதிர்ந்ததுதான் பயம். காலை இழுக்கப் பார்த்தேன்.

"அசையாதீங்க சார்!" ஓடிவந்தார் காசியம்மா. "பாறைய நெம்புனா மேல இருக்கறதெல்லாம் வந்துடும். படியதான் பிரிக்கணும்."

இண்டு இடுக்கில்லாமல் சில்லுக்கல் அடித்து நான் இறுக்கிய படி. பிரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் அவர், "இன்னா சார், இவ்ளோ நல்லா கட்டி வெச்சிக்கீறீங்க!" என்று சலித்துக்கொண்டார். என் வேலையை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

எலும்பு முறியவில்லை. இப்போது நானும் கீழேயிருந்துதான் கல் சுமந்து ஏறுகிறேன். முதுகு வலிக்கிறது. வலிக்கட்டும்.