துளையில் வந்த தண்ணீர்

பிள்ளைகளே, நம் லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் தந்த பீலி வெயிலால் வற்றியது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வத்தேகமப் பக்கம், நமக்கு மேலே மலையில் கல் உடைக்கிறார்களே, அங்கே பாறையில் துளை போடுவதுதான் என் வேலை. நான் போட்ட துளையில் வெடி வைப்பார்கள். உடைந்த கல் டிப்பரில் ஏறிக் கொழும்புக்குப் போகும். அங்கே மாடிக்கு மேல் மாடி எழும்புகிறதாம். எவ்வளவு அனுப்பினாலும் போதாமல் அடுத்த டிப்பர் வந்து நிற்கும். நீங்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது இருந்த மலையில் இப்போது பாதிதான் மிச்சம்.

ஒரு நாள் மத்தியானம் மெஷினை வெளியே இழுத்ததும் துளையிலிருந்து தண்ணீர் வந்தது. அப்படி ஒரு குளிர்ச்சி. எல்லோரும் ஓடிவந்து முகத்துத் தூசியைக் கழுவினோம், குடித்தோம்.

"கங்கையையே இறக்கிட்டீங்களேண்ணே, இனி உங்களுக்குச் சம்பளம் பத்தாது, தட்சணைதான் வைக்கணும்," என்று வெடி வைக்கிறவன் கேலி செய்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு போத்தலில் பிடித்து வந்து உங்களுக்குக் கொடுத்தேன். சண்டை போட்டுக் குடித்தீர்கள்.

மிச்சத்தை உங்கள் அம்மா குடித்தாள். வெறும் போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"இது நம்ம பீலித் தண்ணிங்க."

மலைத் தண்ணீர் எல்லாம் ஒரே ருசிதான் என்றேன். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவளிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் சுப்பவைசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. அதே இடத்தில் வெடி வைத்தார்கள். அந்த வாரத்துக்குள் பீலி விரல் கனத்துக்கு இளைத்தது, பிறகு சொட்டியது, பிறகு அதுவும் நின்றது. இப்போது லயமே கேன்களோடு ரோட்டில் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்து நிற்கிறது. வெயில்தான் காரணம் என்று எல்லோரும் பேசியபோது நானும் தலையாட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

பௌர்ணமிப் போயா லீவு அன்று அங்கே வேலை இல்லை. விறகுக்கு என்று சொல்லிவிட்டுக் காலையில் தனியாகப் போனேன். வெடித்த பாறையின் பிளவில் தண்ணீர் வடிந்து, கீழே கல்தூளில் சேறாகிக்கொண்டிருந்தது. அடைத்தால் பீலிக்கே திரும்பும் என்று ஒரு மரத்துண்டைச் சீவி, இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றி, பிளவுக்குள் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். நின்றது. ஒரு சாண் தள்ளிக் கசிந்தது. சாரத்தில் மிச்சம் இருந்ததைக் கிழித்து அங்கேயும் திணித்தேன்.