பச்சை உடம்பும் கரி வண்டியும்

மாலை ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு வண்டி நின்றது. அடையாற்றுப் பாலத்துக்குக் கால் மைல் இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் ஆலமரங்கள் கவிந்திருந்த இடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணியில நம்மாத்துல காப்பி" என்று பின்பக்கம் திரும்பி மனைவியிடம் சொல்லியிருந்தேன். சொல்லி வாய் மூடுவதற்குள் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் கும்பகோணத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஜப்பான் யுத்தத்தில் பட்டணத்தில் குண்டு விழும் என்று சித்திரை மாதம் ஊரே காலியானபோது நாங்களும் மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள். எங்கள் பெண் அப்போது கர்ப்பம். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் இருந்ததால் அவர் தியாகராய நகரில் தனியாகத் தங்கி ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரசவம் கும்பகோணத்திலேயே ஆயிற்று. ஆண் குழந்தை. குண்டு விழவில்லை. ஐப்பசியில் ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். குழந்தையை இன்னும் கண்ணால் பார்க்காத மாப்பிள்ளை வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். நாற்பது நாள் கழிந்ததும் புறப்பட்டோம்.

ரயிலில் வந்திருக்கலாம். ஆனால் ரயில் முழுக்கச் சிப்பாய்கள். ஜன்னல் வழியாக ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பிள்ளை பெற்றவளை அந்தக் கும்பலில் எப்படி ஏற்றுவது? என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. மேலே கான்வாஸ் கூரை, பக்கங்களில் பித்தான் போட்டு மூடுகிற ஆயில் கிளாத் திரைகள். பெட்ரோல் கூப்பன் மயிலாப்பூரைச் சுற்றிவரவே போதாது என்பதால், அந்தக் காலத்தில் பலர் செய்தது போல நானும் அதற்குக் கரி காஸ் பொருத்தியிருந்தேன். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி நெருப்பு வைத்தால், அதிலிருந்து வரும் வாயு ஒரு குழாய் வழியே வண்டியின் அடிப்பலகைக்குக் கீழே ஓடி இன்ஜினுக்குப் போகும். கிளப்புவதற்கு முன் கையால் சுற்றுகிற ஒரு விசிறி உண்டு. அதைச் சுற்றி நெருப்பை ஊத வேண்டும்.

வண்டியை ஓட்டியவர் திருவல்லிக்கேணிக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வழி நெடுகப் பதினைந்து மைலுக்கு ஒரு முறை இறங்கிச் சாம்பலைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொன்னார். "இது காரா, டீக்கடை பாய்லரா சார்? ஒரு கிளாஸ் இருந்தா டீ புடிக்கலாம்" என்றார். மேல்மருவத்தூர் ஏற்றத்தில் ஒரு கட்டை வண்டி எங்களை முந்திக்கொண்டு போனபோது அந்த மாட்டுக்கு சலாம் வைத்தார். பெண்கூடச் சிரித்தாள்.

திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு கல் அடித்து, அடிப்பலகைக்குக் கீழே குழாயின் இணைப்பு விட்டுப்போயிற்று. அவர் கீழே படுத்து, களிமண் பூசி, ஈரச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்.

"உள்ள இருக்கிறவாளுக்குப் புகை வராதே?" என்று கேட்டேன்.

"இஞ்சின் ஓடசொல்லோ உள்ளாற இஸ்துக்கும் சார். வெளிய வராது. இஸ்பீடுதான் கொறையும். இருந்தாத்தானே கொறையறதுக்கு."

அவர் சொன்னது சரி. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் இன்ஜின் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நின்றால் என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

தாம்பரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மனைவி அப்போதே திரைகளைப் போடச் சொன்னாள். சைதாப்பேட்டைப் பாலத்தில் ராணுவ லாரிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று பரங்கிமலையில் யாரோ சொன்னதால், கிண்டியில் திரும்பி அடையாறு வழியாக வந்தோம். அங்கேதான் நின்றது.

"கரி நனைஞ்சுபூட்சி சார். ஊதிப் பாக்கலாம். கொடையப் புடி" என்று இறங்கினார் டிரைவர்.

நானும் இறங்கினேன். இறங்கும்போது மனைவி, "அந்தப் பக்கத்துப் பித்தான் ஒண்ணு விட்டுப்போயிருக்கு, அதையும் போடுங்கோ. பச்சை உடம்பு. ஈரக்காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்றாள்.

எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். பிள்ளை பெற்றவள் மேல் மூன்று மாதத்துக்குக் காற்றுப் படக்கூடாது. பெண்ணுக்கு இரண்டு காதிலும் பஞ்சு; தலையைச் சுற்றிக் கம்பளி மப்ளர். காலையிலிருந்து தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததால் பின் சீட்டில் படுத்திருந்தாள். தலை இடது பக்கம். மனைவி அவள் கால்மாட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதை ஒரு பழைய பட்டுப்புடவையால் மூடியிருந்தாள். நான் வெளியே நின்று கடைசிப் பித்தானையும் போட்டேன். பிறகு முன்பக்கத்துத் திரையையும் இழுத்து மூடினேன். உள்ளே சாரல் ஒரு துளிகூடப் போகவில்லை. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

டிரைவர் விசிறியைச் சுற்றினார். நான் அவர் தலைக்கும் பீப்பாயின் வாய்க்கும் சேர்த்துக் குடை பிடித்தேன். சிவப்பு தெரியும், அணையும். மறுபடி சுற்றுவார். அப்புறம் முன்னால் ஓடி இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பார், கிளம்பாது. "மாமியார் வூட்டுக்குப் போன புது மாப்பிள்ளையாட்டம் கீது சார், ஏந்துக்கவே மாட்டேங்குது" என்றார். கை மாற்றி நானும் கொஞ்ச நேரம் சுற்றினேன்.

நடுவில் ஒரு தடவை முன்பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்தேன். மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு நாள் பிரயாணம், பாவம், அசந்துவிட்டாள் என்று நினைத்தேன். எழுப்ப வேண்டாம் என்று திரையை மெதுவாக, சத்தம் வராமல் மூடினேன்.

அதற்கு அப்புறமும் கால் மணிக்கு மேல் நானும் அவரும் மாறி மாறிச் சுற்றினோம்.

நெருப்புப் பெட்டி நனைந்துபோயிற்று. இன்னொன்று மனைவியின் பையில் இருந்தது. திரையை விலக்கிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சற்று உரக்கக் கூப்பிட்டேன். பெண்ணுக்குக் காதில் பஞ்சு இருக்கிறது, கேட்காது, இவளுக்கு என்ன? உள்ளே குனிந்து மனைவியின் தோளைத் தொட்டேன். அவள் அப்படியே திரையின் மேல் சரிந்தாள். குழந்தை மடியிலிருந்து நழுவிற்று. நான் அதைப் பிடித்தேன். தலை துணி மாதிரி தொங்கியது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கே நெற்றிப்பொட்டில் அடித்தது; கண் இருட்டியது. கரிவாடை இருந்தது; ஆனால் காலையிலிருந்து எங்கள் துணி, சோறு, தண்ணீர் எல்லாவற்றிலும் கரிவாடைதான்.

விசிறியைச் சுற்றச் சுற்ற வாயு இன்ஜினுக்குப் போகவில்லை, அந்தச் சாக்குக் கட்டின் வழியாகப் பெண்ணின் தலைக்கு நேர் கீழே வந்துகொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் மழையில் நின்று கை வலிக்க வலிக்க அதை உள்ளே ஊதியிருந்தோம்.

கத்தினேனா என்று தெரியவில்லை. டிரைவர் ஓடிவந்து, பித்தானைக் கழற்ற நேரமில்லாமல் திரையைக் கிழித்தார். "தூக்கு சார், மொதல்ல கொயந்தைய வெளிய எடு. மூஞ்சில காத்து படட்டும்" என்றார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் மழையில் நின்றேன். மழை அதன் முகத்தில் நேராக விழுந்தது. முகம் சிவப்பாக, அழகாக இருந்தது. அந்தச் சிவப்பு அந்த விஷவாயு ஏற்றிய நிறம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். பிறகு அது மூக்கைச் சுருக்கித் தும்மியது. ஒரு மெலிந்த குரலில் அழுதது.

மனைவியையும் பெண்ணையும் எதிரே ஒரு பங்களா கேட்டின் முன் போட்டிருந்த கல்பலகையில் கொண்டுபோய்க் கிடத்தினோம். நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அடுத்த பங்களாவும் பூட்டு. எங்களைப் போலத்தான் அவர்களும் எந்த ஊருக்கோ ஓடிப்போயிருந்தார்கள். அந்தச் சாலையில் ஒரு விளக்கு இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"நான் ஓடிப்போய் டாக்டர இட்டாறேன் சார். உன் வூட்டு அட்ரஸயும் சொல்லு, அங்க யார்னா இருப்பாங்களா?"

சொன்னேன். மாப்பிள்ளை ஆபீஸ் விட்டு நேரே அங்கே வந்து காத்திருப்பார் என்றேன். அவர் பாலத்தை நோக்கி ஓடினார். மழையில் கொஞ்ச தூரம் வரை அவர் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

மனைவிதான் முதலில் அசைந்தாள். வாந்தியெடுத்தாள். எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்ததும் தன் தலைப்பை இழுத்து அதன் முகத்தை மூட வந்தாள்.

"காத்து படறதே."

"படட்டும்" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். நான் இப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள். குழந்தையை அவளிடம் கொடுத்து, மூடினால் கொன்றுவிடுவேன் என்று சொன்னேன். இந்த வார்த்தையை நான் சொன்னதாக அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெண் எழுந்திருக்கவில்லை.

மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் காத்திருந்தேன். சில சமயம் அடுத்தது வரவே வராது போலிருக்கும். மப்ளரை அவிழ்த்தேன். காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வயசில் அவளை எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியெல்லாம் கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன், பிறகு அடித்தேன். கடல் பக்கத்திலிருந்து காற்று ஈரமாக, பலமாக அடித்தது. நாற்பது நாளாக எந்தக் காற்று அவள் மேல் பட்டுவிடக்கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் துணி அடைத்தோமோ, அதையே நான் அவள் வாய்க்குள் போகச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தேன். வேறு எந்தப் பிரார்த்தனையும் எனக்கு வரவில்லை.

இப்போது மழை பெய்கிற நாட்களில் நான் எழுந்துபோய் வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுகிறேன். தரையெல்லாம் ஈரமாகிறது என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவர்களே துடைத்துவிடுவார்கள்.

அன்று இருட்டுகிற சமயத்தில் பெண் கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள், "நீங்க யாரு?" என்றாள்.

குரல் மரியாதையாக இருந்தது. வீட்டுக்கு வந்த யாரோ ஒருவரை விசாரிப்பது போல. "நான்தான்டி கண்ணே, அப்பா" என்றேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டாளே தவிர, புரிந்ததாகத் தெரியவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். உயிர் பிழைத்து, புத்தி போய்விட்டதோ என்ற பயம் அதுவரை பட்ட பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பெண் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். நான் மூடவிடவில்லை. "யார் நான், சொல்லு, யார் நான்?" என்று உலுக்கிக்கொண்டே இருந்தேன்.

பல தடவைக்குப் பிறகு முகத்தைச் சுளித்து, "வலிக்கறதுப்பா, விடுங்கோ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தை பால் குடிச்சுதா?" என்று கேட்டாள்.

நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

பாலத்துப் பக்கமிருந்து ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் டிரைவர் தொங்கிக்கொண்டு வந்தார். "மூணு டாக்டர் வூட்டாண்ட போனேன் சார், மூணும் பூட்டு. அதான் நேரா உன் வூட்டுக்கே போயி இவர இட்டுகினு வந்துட்டேன்" என்றவர், கல்லின் மேல் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குதித்து இறங்கி, குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை இறங்கினார். ஆபீஸ் கோட்டு முழுக்க நனைந்திருந்தது. அவர் முதலில் அவளிடம்தான் போனார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவளை ஏதோ கேட்டார், அவள் தலையை ஆட்டினாள். பிறகு என் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கினார். வாங்கத் தெரியவில்லை, தட்டு வாங்குவது போல இரண்டு கையையும் நீட்டினார். வெகுநேரம் அதைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். டிரைவர் வழியிலேயே சொல்லிவிட்டார் என்று கையால் காட்டினார்.

பெண்ணை ஜட்காவில் ஏற்றிப் படுக்க வைத்து, குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என் மனைவிக்கு இடம் விட்டு உட்கார்ந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. ஆபீஸில் ஒரு ஏற்பாட்டைச் சொல்வது போலத்தான் சொன்னார்:

"மாமா, அடுத்த தடவை ஊரைக் காலி பண்ணச் சொன்னா, நீங்களும் மாமியும் போயிட்டு வாங்கோ. இவா ரெண்டு பேரும் என்னோட இங்கேயே இருக்கட்டும்."