நீல ஊசி குத்திய வாசல்கள்

ஃபைனாவுக்கு வாய் நீளம். ஆனால் பழைய சோவியத் நாட்டின் வின்னித்சாவில் இருந்தவரை அந்த வாயைப் பூட்டியே வைத்திருந்தாள். அங்கே அடையாளப் புத்தகத்திலேயே ‘யூதர்’ என்று எழுதியிருக்கும். அதைக் காட்டாமல் கல்லூரியில் இடம் கேட்க முடியாது, காட்டினால் இடம் கிடைக்காது. ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்குக் குடிவந்து, மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஜெர்மன் மொழியில் சண்டை போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் பூட்டு கழன்றது.

யூத வெறுப்பை ஒழிக்க அரசு பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. யூதர்களே வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஃபைனா முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள். ஒரு அரசாங்கம் வாயை மூட வைத்தது, இன்னொன்று டிராம் செலவு கொடுத்துப் பேசச் சொல்கிறதே என்று அவளுக்கு ஒரே பெருமை.

“மிருகக்காட்சி சாலைக்குப் போற மாதிரி கிளம்புற,” என்பான் கணவன் யெஃபிம். “என்ன, கூண்டுக்குள்ள நிக்கிறது நீ.”

“நான் போகலன்னா போன்ல வர்ற அசிங்கத்தத்தான் அந்தப் பிள்ளைங்க யூதன்னு நம்பும். அது பரவாயில்லையா?”

அவன் தேநீரில் ஜாம் கலந்துகொண்டான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வகுப்பில் ஃபெலீனா என்ற பெண் கேட்டாள், “வெளிய இருந்து பாத்தா யூதங்க வீடுன்னு தெரியுமா?” ஃபைனா உற்சாகமாகப் பலகையில் வரைந்து காட்டினாள். வாசல்நிலையின் வலப்பக்கம் சாய்வாக அறைந்த விரல் நீளச் சிமிழ். அதற்குள் வேத வரிகள். மெசூசா என்று பெயர்.

“பயந்துபோய் நிறைய பேர் இப்ப வீட்டுக்குள்ள மாட்டிக்கிறாங்க. மறைக்கிறது தப்பு. எங்க வீட்ல வெளியதான்.”

அவள் வீட்டில் மட்டுமல்ல. மேல்மாடியில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் ரிவ்கா உள்ளே மாட்டப் போனபோது, திட்டி வெளியே மாட்ட வைத்ததும் அவள்தான்.

சில வாரம் கழித்து அந்த வகுப்பு ஆசிரியை ஹைக்கே பள்ளிக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகள் செய்த வேலைக்குப் பரிசாம். கல்வித்துறை அதிகாரியும் வருகிறாராம். ஃபைனா நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

நடைவழிச் சுவர் முழுக்க அந்தப் பகுதியின் வரைபடம். ‘நம் பக்கத்து வீட்டு யூதர்கள்’ என்று தலைப்பு. ஆங்காங்கே நீல ஊசி, ஒவ்வொன்றிலிருந்தும் நூல் ஓடி ஒரு வாசலின் படத்தில் முடிந்தது. பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் மெசூசாவைத் தேடிப் படம் பிடித்திருந்தார்கள். ஒரு படத்தில் ரிவ்காவின் கதவு. குழந்தையின் தள்ளுவண்டி, பெயர்ப்பலகை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“இதத்தான் மேடம் எதிர்பார்த்தோம்,” என்றார் அதிகாரி. “கண்ணுக்குத் தெரியணும்.”

ஃபைனா அவர் பக்கம் திரும்பினாள். “யாரு இப்படிச் செய்யச் சொன்னது?”

“நீங்கதான மறைக்கிறது தப்புன்னு சொன்னீங்க,” என்றாள் ஹைக்கே. அவள் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதனால்தான் அவளைத் திட்டவும் வாய் வரவில்லை.

“இந்த நாட்டுல ஒருதடவை எங்க வீட்ட எல்லாம் கணக்கெடுத்தாங்க, டீச்சர். அவங்களும் ரொம்ப நேர்த்தியாத்தான் செஞ்சாங்க.”

ஃபைனா ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். அவசரத்தில் விரலில் குத்திக்கொண்டாள். தடுக்க ஆளில்லை, அதிகாரி தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபெலீனா ஓடிவந்து படங்களைக் கழற்ற உதவினாள். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

“கவலப்படாதீங்க மேடம், இதக் கழட்டினாலும் ஒண்ணும் போயிடாது. நேத்தே நெட்ல போட்டாச்சு. ஆயிரக்கணக்குல பாத்திருக்காங்க. எந்தத் தெருன்னு கூடக் கேட்டாங்க. சொல்லிட்டோம்.”

ஃபைனா அங்கேயே ரிவ்காவுக்கு போன் போட்டாள். “கதவ யாருக்கும் திறக்காத.”

“ஏன்க்கா? இப்பதான் ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க. ஸ்கூல் வேலையாம். மரியாதையாத்தான் பேசினாங்க. வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களான்னு கேட்டாங்க.”

“பிள்ளைங்களா?”

“இல்லக்கா. ஒருத்தருக்கு நரை விழுந்திருந்துச்சு. சாயங்காலம் மறுபடி வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.”