ஞாயிற்றுக்கிழமைப் புண்ணியவான்களும் என் புல்தரையும்

பூங்கா வேலை என்றால் செடிகொடிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். செடி ஒரு பாவமும் அறியாது. மல்லுக்கட்டெல்லாம் அதைப் பார்க்க வருகிறவர்களோடுதான். வெயிலில் நின்று விசில் ஊதி, ஊதிய விசிலை யாரும் மதிக்காமல் தொண்டை கட்டிப்போன என் இனத்தாருக்கு இது புரியும்.

அறுபதுகளின் நடுவில், திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், பஞ்சாயத்து போர்டு புதிதாக ஒரு பூங்கா போட்டது. எங்கெங்கிருந்தோ கன்றுகள் வரவழைத்து நட்டு, ஒவ்வொன்றுக்கும் தகரப் பலகையில் பேர் எழுதித் தொங்கவிட்டார்கள். நடுவில் ஒரு புல்தரை. தினக்கூலிக்குச் சேர்ந்த நான்தான் தோட்டக்காரன், காவல்காரன் எல்லாம். ஒரு நாள் போர்டு தலைவர் வந்து, "ரங்கா, தை பொறந்ததும் வந்து பாப்பேன். புல்லு பச்சைப்பசேல்னு இருந்தா உன்ற வேலைய நிரந்தரம் பண்ணிப் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கல்யாணமான புதிது. மாமனார் வரும்போதெல்லாம் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், "மாப்பிள்ளைக்கு வேலை உறுதியாயிருச்சுங்களா?" என்றுதான் கேட்பார். அந்தப் புல்லை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முருங்கை உபகாரம்

மூலனூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். நெட்டிலிங்க மரத்தின் பலகையைப் படித்துவிட்டு, "இதோட காய் திங்கறதுங்களா?" என்றார். இல்லை என்றேன். "தழை ஆடு கடிக்குங்களா?" அதுவும் இல்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று பூங்கா முழுக்க இதே விசாரணை. கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏமாந்த சோணகிரியைப் பார்க்கிற பார்வை அது.

அடுத்த ஞாயிறு அவர் திரும்பி வந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது புல்தரைக்கு நட்டநடுவில், தலையில் சாணி உருண்டையோடு ஒரு முருங்கைப் போத்து, நடுவதற்கென்று வெட்டின கிளை, நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் பாத்தி வேறு கட்டியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரே இழுப்பாகப் பிடுங்கி எறிந்தேன். அவர் பதறிப்போய் ஓடி வந்து கேட்டார்: "உசுருள்ள போத்தைப் புடுங்கி வீசறீங்களே, உங்களையெல்லாம் தோட்டத்து வேலைக்கு யாருங்க வெச்சது?"

உட்கார்ந்தவர்கள்

பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற பெண்கள் நாலைந்து பேர் புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் விசில் ஊதினேன். கேட்கவில்லை. கிட்டப் போய் ஊதினேன். மூத்தவள் சோற்றை உருட்டிக்கொண்டே நிமிர்ந்து, கோபமில்லாமல், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "ஏனுங்கண்ணா, வாரம் பூராவும் கம்பெனில நின்னே காலு வீங்கிக் கெடக்குது, இன்னிக்கும் நிக்கச் சொல்றீங்களா?"

ஒரு நாள்கூட வீணாகாத முதலாளி

இதுதான் என் வயிற்றெரிச்சல். மார்கழிக் கடைசி. புல் நன்றாகப் பிடித்துவிட்டிருந்தது. வேலம்பாளையத்திலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பூங்கா பார்க்க வந்தார். ஒரு வண்டியில் ஆட்கள். பின்னால் வந்த மூடின வண்டியில் சோற்று அண்டா இருக்கும் என்று நினைத்து, பரவாயில்லை, நல்ல முதலாளி என்று மனதுக்குள் பாராட்டக்கூடச் செய்தேன். பிறகு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடக் கிணற்றுப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தால் புல்தரையைக் காணோம். எல்லாம் வெள்ளை. சலவைப் பட்டறையிலிருந்து ஈரத்தோடு அள்ளிவந்த பனியன் துணியை நீளநீளமாக, ஒரு சுருக்கமில்லாமல், புல்மேல் விரித்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. "எடுங்கய்யா, புல்லு செத்துப்போகும்!" என்று கத்தி ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு ஆட்கள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இழுக்க, அவர்கள் இழுக்க, வந்திருந்த குழந்தைகளெல்லாம் கை தட்டின. முதலாளி நிழலில் உட்கார்ந்தபடி, "துணி கிழிஞ்சிரும் சாமி, மெதுவா" என்றார்.

பொழுது சாய்கிற வரைக்கும் எடுக்கவில்லை. போலீஸ், போர்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மடித்து வண்டியில் ஏற்றும்போது முதலாளி என் தோளைத் தட்டி விளக்கினார்: "மண்ணுல விரிச்சா அழுக்காவுது, புல்லுல விரிச்சா பளிச்சுனு இருக்குது; ஆளுகளும் ஊர் பாத்தாச்சு, துணியும் காஞ்சாச்சு, ஒரு நாளு வீணாப் போகலீங்க பாருங்க."

தலைவர் வந்தார்

மூன்றாம் நாளே புல் மஞ்சளாகிவிட்டது. துணி கிடந்த இடமெல்லாம் நீளநீளமாகக் கருகிக் கிடந்தது. தண்ணீரைக் கொட்டு கொட்டென்று கொட்டினேன். பச்சை திரும்பவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாமனார் வேறு பொங்கலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஊர் திரும்பினார். அது இன்னும் மோசம்.

பொங்கல் முடிந்ததும், சொன்னபடியே தலைவர் வந்தார். வேலை போனாலும் போகட்டும், அந்த முதலாளியைச் சும்மா விடுவதில்லை என்று நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். தலைவர் கேட்டுக்கொண்டே புல்தரைப் பக்கம் திரும்பினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். புல்தரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்தார். அவருக்கும் சொந்தமாக ஒரு பனியன் கம்பெனி உண்டு என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. "விரிச்ச துணி எத்தனை மணிக்குக் காஞ்சுது?" என்று கேட்டார். "மத்தியானத்துக்குள்ளயே காஞ்சிருச்சுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ ஒண்ணும் வெசனப்படாதே ரங்கா, உன்ற வேலை நிரந்தரம், நாளையிலிருந்து நம்ம கம்பெனித் துணி வரும், ஆடுமாடு மிதிக்காமப் பாத்துக்கோ."

ஆக, எனக்கு வேலை நிரந்தரமான அன்றைக்குத்தான் அந்தப் பூங்காவுக்கு வேலை போயிற்று.