பெருநாள்வரை அலுமாரியில் வைத்த பம்ப்

என் தங்கச்சி பரீதாவுக்குச் சிறுவயது முதலே முட்டு வருத்தம், ஆஸ்துமா. காலையும் இரவும் வாயால் இழுக்கும்படி கல்முனையில் ஒரு டாக்டர் பம்ப் கொடுத்த பிறகுதான் அவள் இரைப்பு இல்லாமல் படுத்தெழும்பினாள்.

அந்த வருடம் நோன்பு பிறந்ததும் பம்பை அலுமாரியில் வைத்துவிட்டாள்.

"நோன்போட மருந்து இழுக்கேலா, ராத்தா. இப்ப முட்டுமில்லதானே. பெருநாள் முடியட்டும்."

பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. கஞ்சி காய்ச்சினாள், இரவில் நின்று தராவீஹ் தொழுதாள். நாங்களும் நம்பிவிட்டோம்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், உடுப்புக் காயப்போடும்போதே மூச்சு அடைத்தது. ஓடிப்போய் அதே பம்பை அடித்தோம். அடைத்த மூச்சை உடனே திறக்கிற மருந்து அதுவல்ல என்று எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனிலேயே மூச்சு நின்று மவுத்தாகிவிட்டாள்.

பிறகு அந்த டாக்டரிடம் போனேன்.

"இது மூச்சுக்குழாய் வீங்காமக் காக்கிற மருந்து. நிப்பாட்டினா வெளியால தெரியாம உள்ளுக்கு வீங்கும்" என்றவர், பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு ரெண்டு தரம்தானே? விடியமுன்ன சஹர் சாப்பாட்டோட ஒருக்கா, நோன்பு திறந்து ஒருக்கா எடுத்திருக்கலாமே!"

நோன்புக்கும் அந்த மருந்துக்கும் சண்டையே இருக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவளுடைய மகள் என்னோடு இருக்கிறாள். அவளுக்கும் அதே வருத்தம். நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். சஹருக்கு எழுப்பினால் சோற்றுக்கு முன் பம்பைத்தான் கையில் கொடுக்கிறேன்.

இந்த வருடம் முதல் நோன்பன்று, மருந்தை இழுத்து வாய் கொப்பளித்துவிட்டுக் கேட்டாள்:

"உம்மாவும் இப்பிடிச் செஞ்சிருக்கலாந்தானே, பெரியும்மா?"

பம்பை வாங்கிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டினேன்.