வைஃபை இல்லாததால் பிழைத்த காணொளிகள்

நான் மலேசியாவில் சிலிம் ரிவர் அருகே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சென்ற மாதம் ஈப்போவில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யப் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கோப்புறையிலேயே நான் பழகினேன். பள்ளியில் எதையும் ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதனால் என் திரையில் இருப்பது என் நகல் என்றே நினைத்துவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் பள்ளியிலிருந்து சக ஆசிரியை ஸ்டெல்லா அழைத்தார்.

“அக்கா, பிள்ளைங்க அறிவியல் வீடியோ ஒண்ணுகூட இல்லலா. போன்ல பாக்குறேன், காலியா இருக்கு. நாளைக்குப் போட்டிக்கு அனுப்பணுமே.”

ஆறாம் ஆண்டு மாணவர்கள் பல வாரம் உழைத்து எடுத்தவை அவை. பயிற்றுநரிடம் ஓடினேன். அவர் என் கைப்பேசியை வாங்கி, “பள்ளிக்கூட லேப்டாப் ஓடுதா?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“காலையிலேருந்து இங்க வைஃபை இல்ல சார். தொறக்கவே இல்ல.”

“நல்லதாப் போச்சு. வைஃபைய அடைச்சிட்டுத் தொறங்க. மொதல்ல பென்டிரைவ்ல எடுத்துடுங்க.”

பொதுக் கோப்புறையின் நகல் ஒன்று அந்த லேப்டாப்பிலும் இருந்தது; வைஃபை இல்லாததால் நான் அழித்தது அதை இன்னும் எட்டவில்லை. காணொளிகள் எல்லாம் அதில் இருந்தன.

“தினம் அந்த வைஃபையத்தான் ஏசுறோம். நான் மெழுகுவத்தி ஏத்துறேன், நீங்க தேங்கா ஒடைங்கக்கா,” என்றார் ஸ்டெல்லா.

இப்போது மாணவர்களின் படைப்புகளைப் பென்டிரைவில் எடுத்த பிறகே பொதுக் கோப்புறையில் போடுகிறேன். பயிற்சியில் அழிக்கச் சொன்னால், அழிப்பதற்கென்றே வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்கிறேன்.