கவிஞரின் குரலுக்கு எந்த வேகம்?

யுத்தம் முடிந்த மறு வருடம். சென்னையில் ஒலிப்பதிவுப் பயிற்சி முடித்துவிட்டு மதுரையில் ஒரு கிராமபோன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

காலமாகிவிட்ட, நாடறிந்த கவிஞர் ஒருவர் தம் பாட்டைப் பாடி, அது பிறந்த கதையையும் சொல்லியிருந்த ஒரே இசைத்தட்டு எங்களிடம் வந்தது. மென்மையான பூச்சு; ஊசி வைக்கும் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தேயும். அதற்குள் நகல் எடுக்க வேண்டும். ஆனால் எந்த வேகத்தில் பதிந்தார்கள் என்று உறையில் எழுதவில்லை. வேகம் பிசகினால் நகலில் வேறு யாரோ பேசுவார்.

குரலை அறிந்தவர்களையே கேட்போம் என்று, கருவியோடு கோரிப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி இருந்தார். கவிஞரோடு மேடையேறிய நண்பரும் திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருந்தார்.

முதலில் மெதுவாக ஓட்டினேன். பாட்டு தொடங்கியதுமே நண்பர் முகம் சுளித்தார். "என்ன மதினி, காய்ச்சக்காரன் பாடுற மாதிரி இருக்கு?" பாட்டு முடிந்து பேச்சு வந்தபோது அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவுகதான்."

வேகத்தைக் கூட்டி மறுபடி வைத்தேன். இப்போது பாட்டுக்கு நண்பர் தொடையில் தாளம் போட்டார். பேச்சு வந்ததும் அம்மாள், "யாரு இது, கிளிப்பிள்ளையா?" என்றார்.

"மதினி, நீங்க மேடைப் பக்கம் வந்து கேட்டிருக்கணும்!"

"நீங்க கேட்டது என்னைக்கோ ஒருநா, தம்பி. நான் முப்பது வருசம் கேட்டேன்."

நோட்டில் எழுதினேன்: தட்டு ஒன்று, சாட்சி இரண்டு, பதில் இரண்டு. யாருக்கு ஞாபகம் பிசகியது? இன்னொரு முறை ஓட்டவும் பயம். மனைவிக்குத் தெரியாததா என்று நோட்டில் நண்பர் சொன்ன வேகத்தைக் கோடு போட்டு அடிக்கப் போனேன்.

கருவியின் சாவியைப் பார்த்த அம்மாள் தானாகவே சிரித்தார். "நம்ம வீட்டுல வச்சுப் பதிஞ்ச பொட்டியும் இப்படிச் சாவி குடுக்குறதுதான். பாதியில சாவி குடுக்க வந்த ஆளை அவுக கையக் காட்டி நிறுத்திட்டாக. பேச ஆரம்பிச்சா யாரையும் கிட்ட விடமாட்டாக, அம்புட்டு ருசி!"

அப்போதுதான் உறைத்தது. சாவி தளரத் தளர, பதிந்த கருவியே வேகம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பாட்டுக்கு நண்பர் சொன்னது சரி, பேச்சுக்கு அம்மாள் சொன்னது சரி. ஒரு தட்டுக்கு ஒரே வேகம்தான் என்று நம்பிய நான்தான் தவறு.

மறுநாள் நகல் எடுக்கையில், நண்பரின் வேகத்தில் தொடங்கி அம்மாளின் வேகத்தில் முடியும்படி கருவியின் திருகைத் திருப்பி வேகத்தை மெல்ல மெல்ல இறக்கினேன். நடுவில் எங்கே எவ்வளவு என்பதற்குச் சாட்சி இல்லை; கை போன போக்குதான்.

நகலைக் கேட்டு இருவரும், "முழுக்க அவரேதான்" என்றார்கள். நடுவில் அவர்கள் கேட்டது கவிஞரையா, என் ஊகத்தையா என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லும்போது, ஒருவர் சொன்னதை உடனே அடித்துவிட அதற்குப் பிறகு என் கை துணிந்ததில்லை.